டாக்டர் பக்கத்தில் நின்றால் சீட் கிடைக்குமா?

போன மாதம் உறுவையாற்றுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன். திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்: "சித்தப்பா, அமெரிக்காவுல டாக்டர் கூடவே நின்னு பார்த்திருக்கியான்னு கேட்டுத்தான் மெடிக்கல் சீட் தருவாங்களாமே? நானும் லீவுல வில்லியனூர்ல யாராவது டாக்டர்கிட்ட போய் நிக்கட்டுமா? சீட்டுக்கு உதவுமா?"

"உதவாதும்மா"ன்னு சட்டென்று சொல்லிவிட்டேன். ராத்திரி என் பழைய குறிப்புகளைப் புரட்டியபோதுதான் உறைத்தது: நம்ம பக்கத்திலும் மருத்துவப் படிப்பு பக்கத்தில் நின்று பார்ப்பதில்தான் தொடங்கியது.

சித்த வைத்தியத்தில் சீடன் முதலில் மருந்து இடிப்பான், பிறகுதான் நாடி பார்ப்பான். மேல்நாட்டு மருத்துவம் வந்தபோதும் கிட்டத்தட்ட அதே கதைதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மர் தன் வேரை அங்கேதான் காட்டுகிறது. சென்னையில் 1835-ல் தொடங்கிய பள்ளி, மருத்துவமனை வேலைக்கான பயிலுநர்களைப் பழக்கவே வந்தது. 1850-ல்தான் கல்லூரி ஆனது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் 1848 முதல் பையன்களை நோயாளிகளின் அருகிலேயே வைத்துக் கற்பித்தார், பின்னாளில் தமிழிலேயே.

அதற்குப் பிறகு மதிப்பெண் வந்தது. தமிழ்நாட்டில் 1984-ல் நுழைவுத் தேர்வு வந்து, 2007-ல் போனது. புதுச்சேரியில் சென்டாக் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்தது. இப்போது நீட்: 180 கேள்வி, 720 மதிப்பெண். டாக்டர் கூட நின்றதற்கு அதில் ஒரு மதிப்பெண்கூட இல்லை.

இது அநியாயமா? ஒரு வகையில் நியாயம்தான். சொந்தத்தில் டாக்டர் இருக்கிற பிள்ளைக்கு நிற்க இடம் உடனே கிடைக்கும். விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளையை யார் உள்ளே விடுவார்? தேர்வுத்தாளுக்குச் சிபாரிசு தெரியாது.

ஆனால் தேர்வுத்தாளுக்கும் ஒரு கள்ளவழி உண்டு. அது சீக்கிரம் தொடங்குகிறவன் பக்கம். ஒன்பதாம் வகுப்பிலேயே கோச்சிங் கட்ட முடிந்தவனும், பிளஸ் டூ முடித்துத்தான் நீட் புத்தகத்தைத் திறக்கிறவளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதைச் சரிக்கட்டத்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு 2020-ல் 7.5 விழுக்காடும், புதுச்சேரி 2023-ல் 10 விழுக்காடும் ஒதுக்கின.

இன்னொன்று. பக்கத்தில் நிற்பது ஒழிந்துவிடவில்லை. சேர்க்கைக்குப் பின்னால் தள்ளிப்போயிருக்கிறது. 2019 பாடத்திட்டத்தில் முதல் ஆண்டிலேயே நோயாளிகளைப் பார்க்க வைக்கிறார்கள். அதன் பிறகு, கிராமத்துக் குடும்பங்களை மாணவர்கள் தத்தெடுத்துப் பின்தொடரும் முறையும் வந்தது.

காலையில் கிளம்பும்போது அவளைக் கூப்பிட்டேன். "நேத்து சொன்னது பாதிதான். சீட்டுக்கு உதவாது. ஆனா ரத்தம் பார்த்தா உனக்குத் தலை சுத்துதா, நோயாளி அழுதா நீ ஓடிப்போவியான்னு இப்பவே தெரிஞ்சுக்கலாம். நோயாளிகிட்ட சம்மதம் கேட்டுட்டு நில்லு. லீவுல நாலு நாள் போதும்."

"மீதி நாள்?"

"பிசிக்ஸ்."

முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள்.