கண்ணாடிக்குள் கடல்: இருபது நாள் காத்திருப்பின் கதை

புதிதாக உப்புநீர் மீன்தொட்டி வைக்கிற ஆக்களுக்குச் சொல்லப்படும் முதல் புத்திமதி பலருக்குப் பிடிக்காது. லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்பைக் கரை, மணலும் கல்லும் போடு, பம்பை ஓடவிடு. பிறகு நாலு தொடக்கம் ஆறு கிழமை சும்மா இரு, மீன் விடாதே. இதைத்தான் 'சைக்கிளிங்' எண்டு சொல்கிறார்கள். வெறும் தண்ணிக்குள்ளே அப்படி என்னதான் நடக்குது? ஐரோப்பாவில் கடல் உயிர்களைத் தொட்டியில் வளர்க்கத் தொடங்கி, இதற்கு முழு விடை கிடைக்க நாற்பது வருடத்துக்கு மேல் எடுத்தது.

1846இல் ஆனா தைன் என்ற ஆங்கிலப் பெண், ஒரு குருவானவரின் மனைவி, டோர்கே கடற்கரையில் இருந்து உயிருள்ள முருகைக்கற்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் கடல்நீர் கிடைப்பது லேசில்லை. அதனால் இருக்கிற நீரையே யன்னலோரம் வைத்து, ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொன்றுக்கு அரை மணித்தியாலத்துக்கும் மேலாக மாறி மாறி ஊற்றிக் காற்றேற்றினார்கள். 'னார்கள்' எண்டு நாங்கள் எழுதுவதற்குக் காரணம் இருக்கு. அந்தக் களைப்பான வேலையைச் செய்தது வீட்டு வேலைக்காரச் சிறுமி. அவளுக்கு அது விளையாட்டுப் போல இருந்ததாக தைன் 1859இல் எழுதினார். சிறுமியிடம் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை! இன்றைக்கு எந்தத் தொட்டியிலும் காற்றுப் பம்ப் செய்கிற வேலை அவளுடையது.

பிறகு தைன் கடற்பாசிகளையும் சேர்த்தார். அதே காலத்தில் றொபேட் வொறிங்டன் என்ற இரசாயனவியலாளர் நன்னீர்த் தொட்டியில் பொன்மீன், நீர்த்தாவரம், நத்தை மூன்றையும் வைத்து 1850இல் ஒரு விளக்கம் கொடுத்தார்: தாவரம் ஒட்சிசன் தரும், மீன் அதைச் சுவாசிக்கும், அழுகும் இலையை நத்தை தின்னும், ஆகவே எல்லாம் சமநிலை. கேட்க அழகான கணக்கு. 1853இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் மீன்காட்சிச்சாலை திறந்தது. அடுத்த வருடம் பிலிப் ஹென்றி கொஸ்ஸே எழுதிய 'த அக்குவேரியம்' வந்தது. அதோடு வீட்டுக்கு வீடு தொட்டி, கரைக்குக் கரை வாளியோடு கூட்டம். இங்கிலாந்தின் பாறைக்குளங்கள் எப்படி வெறுமையாகின எண்டு அவருடைய மகன் எட்மண்ட் 1907இல் துக்கத்தோடு எழுதியிருக்கிறார்.

ஆனால் வொறிங்டனின் கணக்கில் ஒரு ஆள் குறையுது. மீன் கழிவிலும் மிஞ்சின சாப்பாட்டிலும் இருந்து வருகிற அமோனியா எங்கே போகுது?

விடை தொட்டியில் இருந்து வரவில்லை, சாக்கடையில் இருந்து வந்தது. 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ஸ் என்ற இரண்டு பேர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய்க்குள்ளால் கழிவுநீரை மெதுவாக வடியவிட்டார்கள். இருபது நாள் ஒரு மாற்றமும் இல்லை. அதன் பிறகு நைத்திரேற்று வரத் தொடங்கியது. குளோரோபோம் ஆவி விட்டதும் நின்றுவிட்டது. மண் கழுவிய நீரைக் கொஞ்சம் ஊற்ற, திரும்பவும் தொடங்கியது. வெறும் இரசாயன மாற்றம் எண்டால் இருபது நாள் ஏன் காத்திருக்க வேண்டும்? உயிருள்ள ஏதோ ஒன்று அதற்குள் பெருகிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அடுத்தது. இங்கிலாந்தின் றொதாம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, வேலை இரண்டு கட்டமாக, இரண்டு வேறு உயிர்களால் நடக்குது எண்டு காட்டியவரின் பெயரும் றொபேட் வொறிங்டன். மீன்தொட்டிக்காரரின் மகன்! தகப்பனின் கணக்கில் விடுபட்ட ஆளை மகன் மண்ணுக்குள்ளே தேடினார். ஆனாலும் அந்தப் பற்றீரியாக்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890இல் அதைச் செய்தவர் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி. ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், அடுத்த கூட்டம் அதை நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது அவ்வளவு இல்லை.

இவை பெரும்பாலும் மிதந்து திரிவதில்லை, கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்கின்றன. அதனால்தான் பழைய தொட்டி மணல் ஒரு பிடி போட்டால் காத்திருப்பு குறையும். மண் கழுவிய நீர் செய்த அதே வேலை. ஜகார்த்தாவில் லீ சின் எங், கடலில் இருந்து எடுத்த உயிருள்ள கல்லையே தொட்டியின் இயந்திரமாக வைத்து 1961இல் எழுதியதும் இதே அறிவுதான்.

நீண்டகாலம் இந்தக் காத்திருப்பை ஒரு மீனின் உயிரால்தான் அளந்தார்கள். தாக்குப்பிடிக்கக்கூடிய டாம்சல் மீனை முதலில் விட்டு, செத்தால் இன்னொன்று. தொட்டிக்கு வருகிற கடல் மீன்களில் பெரும்பங்கு இன்றும் வளர்த்தவை இல்லை, பிடித்தவை. எங்கட கிழக்குக் கரையிலும் சுழியோடிகள் முருகைக்கல் மீன்களைப் பிடித்து ஏற்றுமதிக்குக் கொடுக்கிறார்கள். ஆழத்துக்கு இறங்கி ஒருவர் பிடித்த மீன் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் 'பரிசோதனை மீன்' ஆவதை எங்களால் சும்மா பொழுதுபோக்கு எண்டு எடுக்க முடியவில்லை.

இப்போது அதற்குத் தேவையும் இல்லை. ஒரு பச்சை இறால் துண்டு போதும். அது தொட்டிக்குள் அழுகி நாறும், அமோனியா ஏறும், அது இறங்க நைத்திரைற்று ஏறும். சோதனைக் குழாயில் இரண்டும் பூச்சியமாகி, நைத்திரேற்று மட்டும் தெரிகிற நாளில் முதல் மீனை விடலாம்.