தமிழகத்தில் மனநலக் காப்பகங்களின் வரலாறு: ஜவ்வாது மலையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
மனநோயாளியைச் சமூகத்திலிருந்து பிரித்த காலனியக் காப்பகம் முதல், வசிப்பிடத்திற்கு அருகில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் வரையிலான மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. சிகிச்சையின் தொலைவும் குடும்பத்தின் விலகலும் நோயாளியைச் சங்கிலிக்கு உள்ளாக்கின என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மனநலக் காப்பகம், கீழ்ப்பாக்கம், பாகாயம், ஏர்வாடி, ஜவ்வாது மலை.

முன்னுரை
திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் பெருமளவில் வாழ்கின்றனர். மனநலக் காப்பகங்களோ நகரங்களிலேயே எழுந்தன. ஆகவே அவற்றின் வரலாற்றை மலையிலிருந்து நோக்கும்போது, தொலைவு என்னும் சிக்கல் முதன்மை பெறுகிறது.

காவல் சார்ந்த காப்பகம்
1794இல் மருத்துவர் வாலண்டைன் கொனொலி சென்னையில் தனியார் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். 1858ஆம் ஆண்டின் 36ஆம் சட்டம், அலைந்து திரியும் மனநோயாளிகளையும் ஆபத்தானவர்களாகக் கருதப்பட்டோரையும் காவலர்கள் மாஜிஸ்திரேட்டிடம் ஒப்படைக்கவும், அவரது ஆணையின்பேரில் காப்பகத்தில் சேர்க்கவும் வழிவகுத்தது. 1871இல் அரசுக் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் இயங்கத் தொடங்கியது. 1912ஆம் ஆண்டுச் சட்டமும் மாஜிஸ்திரேட்டின் ஆணையையே பெரிதும் சார்ந்திருந்தது. 1922இல் காப்பகம் 'அரசு மனநோய் மருத்துவமனை' எனப் பெயர் மாறியது. ஆயினும் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே நிரப்பியது. அதுவரை நோயாளி பெரும்பாலும் சட்டம் ஒழுங்கு சார்ந்த பொருளாகவே நோக்கப்பட்டார்.

குடும்பத்தின் பங்கு
1950களில் அமிர்தசரஸ் மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். 1957இல் வேலூர் பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மனநல மையமும் உறவினர் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையைக் கைக்கொண்டது. காப்பகம் துண்டித்த உறவை இவை சிகிச்சையின் கருவியாக்கின.

வழிபாட்டிடங்களுக்கு மக்கள் செல்வதையும் இவ்வகையில் நோக்கலாம். அதனை அறியாமை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. நோயாளியுடன் குடும்பமும் தங்குவதற்கு அங்கு இடமிருந்தது. ஆனால் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி எழுந்த தனியார் காப்பகங்களில் குடும்பம் விலகிச் சென்றது, சங்கிலி எஞ்சியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அத்தகைய காப்பகம் ஒன்றில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமல் சிக்கினர். 28 பேர் உயிரிழந்தனர். பின்னர் அரசு அக்காப்பகங்களை மூடியது. அங்கிருந்தோரில் பலர் கீழ்ப்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டனர். சொந்த ஊருக்கு அருகில் மாற்று ஏற்பாடு இல்லாதபோது, பழைய காப்பகமே மீண்டும் புகலிடமாயிற்று.

சட்டமும் தொலைவும்
1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், முதலில் தேர்ந்த மாவட்டங்களுள் ஒன்றாகத் திருச்சிராப்பள்ளியைக் கொண்டிருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மேலும் முன்சென்றது. அதன் 95ஆம் பிரிவு சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. 18ஆம் பிரிவு, நோயாளி நெடுந்தொலைவு பயணிக்க நேராதவாறு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும் என்கிறது.

முடிவுரை
இவ்விரு பிரிவுகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. அருகில் சிகிச்சை இல்லாத இடத்தில் சங்கிலித் தடை, குடும்பத்தின்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டாக மட்டுமே முடியக்கூடும். எனவே, சட்டத்தின் வெற்றியைக் கீழ்ப்பாக்கத்தின் படுக்கைகளைக் கொண்டு அளவிடுதல் போதாது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையூர் ஒன்றில் நோயுற்றவர், மலையிறங்காமலே தொடர்ந்து மருந்து பெற இயலுமா என்பதே அதற்குரிய அளவுகோலாகும்.