காரணமற்ற சிரிப்பு: ஒரு குழந்தைப்பருவக் கட்டியும் உணர்ச்சிக் கோட்பாடுகளின் வரலாறும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அருகே எல்லைப்புறத்தில் அமைந்த எங்கள் குளத்தூர்ப் பகுதியில் ‘சிரி’ என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. ‘நகை’யோ பேச்சுத்தமிழில் பொன்னணியாகச் சுருங்கிவிட்டது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவது அதுவே. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை ஆசிரியர் அதற்கு வகுக்கிறார். காரணமின்றி நகை பிறவாது என்பதும், அகத்தில் நிகழ்வதைப் புறம் உள்ளவாறே காட்டும் என்பதும் இவ்வகுப்பின் அடிப்படைகள். இவ்விரண்டையும் ஒருசேரக் கேள்விக்குள்ளாக்கும் ஒரு நோய் குழந்தைகளுக்கு உண்டு. அதன் வழியே உணர்ச்சிக் கோட்பாடுகளின் வரலாற்றை இங்கே சுருக்கமாகப் பார்க்க விழைகிறேன்.

கருவில் மூளை உருவாகும்போது, அதன் அடித்தளத்திலுள்ள ஹைப்போதலாமஸ் பகுதியில் நரம்புத் திசு சில வேளைகளில் ஒழுங்கு பிறழ்ந்து திரண்டுவிடுகிறது. இது புற்று அன்று. பிற உறுப்புகளுக்குப் பரவுவதுமில்லை. இத்தகைய திரட்சிகளுக்கு 1904இல் ஜெர்மானிய நோயியலறிஞர் ஆய்கன் ஆல்பிரெக்ட் ‘ஹமர்ட்டோமா’ எனப் பெயரிட்டார். அவலநாடகத் தலைவனின் பிழையைக் குறிக்க அரிஸ்டாட்டில் ஆண்ட ‘ஹமர்த்தியா’ என்ற கிரேக்கச் சொல்லும் இதுவும் ஒரே வேரின. ஹைப்போதலாமஸில் இக்கட்டியுள்ள குழந்தை, பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே, திடீரெனச் சிரிக்கத் தொடங்கும். சில நொடிகளில் நின்றுவிடும். ஒரே நாளில் பலமுறை, ஏறத்தாழ ஒரே வடிவில், உறக்கத்திலும்கூட அச்சிரிப்பு வரலாம். இது ஒருவகை வலிப்பு. டேலி, மல்டர் ஆகிய இருவரும் 1957இல் இதற்குச் சிரிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாக ‘ஜெலாஸ்டிக்’ வலிப்பு என்று பெயர் சூட்டினர். பேசத் தெரிந்த வயதினர் பலர், அவ்வேளையில் தமக்கு மகிழ்ச்சி ஏதும் இல்லை என்றே கூறுகின்றனர்.

வில்லியம் ஜேம்ஸ் 1884இலும் கார்ல் லாங்கே 1885இலும் முன்வைத்த கோட்பாட்டுக்கு இது நேரடிச் சவால். உடல் மாற்றமே முதலில் நிகழ்கிறது. அதை உணர்வதே உணர்ச்சி என்பது அவர்கள் வாதம். அப்படியாயின், உடல் சிரிக்கும்போது உள்ளமும் களிக்க வேண்டுமே! 1927இல் வால்டர் கேனன் வேறு திசையிலிருந்து இக்கோட்பாட்டை மறுத்தார். அச்சத்திலும் சினத்திலும் உள்ளுறுப்பு மாற்றங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்க, அவற்றிலிருந்து இரு வேறு உணர்ச்சிகள் பிறப்பது எங்ஙனம் என்று வினவினார். அவருடைய மாணவர் பிலிப் பார்ட், பெருமூளைப் புறணி அகற்றப்பட்ட பூனைகள் காட்டிய ‘போலிச் சினம்’ ஹைப்போதலாமஸைச் சார்ந்தது என 1928இல் காட்டினார். 1937இல் ஜேம்ஸ் பேப்பஸ், ஹைப்போதலாமஸையும் உள்ளடக்கிய உணர்ச்சிச் சுற்று ஒன்றை வரைந்தார். பூனையின் போலிச் சினத்தைப் போன்றதே இக்குழந்தையின் போலி நகையும்.

எனினும் வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. வலிப்பு நோய்க்கான ஆய்வில் இருந்த 16 வயதுப் பெண் ஒருவரின் மூளை முன்மடலில் மின்தூண்டல் அளித்தபோது நிகழ்ந்ததை இட்சாக் ஃப்ரீடும் குழுவினரும் 1998இல் வெளியிட்டனர். அவர் சிரித்தார், களிப்பும் உணர்ந்தார். காரணம் கேட்டபோதெல்லாம் அப்போது கண்முன் இருந்த எதையேனும் வேடிக்கையானதாகச் சுட்டினார். இங்கே சிரிப்பு முந்தியது. நிலைக்களன் பின்னர்த் தேடப்பட்டது. ஜேம்ஸ் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். சிரிப்பின் இயக்கமும் களிப்பின் உணர்வும் சேர்ந்தும் வரலாம், பிரிந்தும் வரலாம் என்பதே இவ்விரு சான்றுகளும் சேர்ந்து தரும் பாடம்.

இவை ஏட்டோடு நின்றுவிடும் வாதங்கள் அல்ல. உணர்ச்சிக்கு மூளையில் இடம் குறித்தவுடன், அவ்விடத்தைக் கத்தி தேடிச் சென்றது. டோக்கியோவில் கெய்ஜி சானோ 1960களில் தொடங்கிய ‘அமைதிப்படுத்தும் அறுவை’யைச் சென்னையில் வி. பாலசுப்பிரமணியம், பி. ராமமூர்த்தி, டி. எஸ். கனகா ஆகியோர் மேற்கொண்டனர். கட்டுக்கடங்கா ஆவேசமும் அமைதியின்மையும் உடையோருக்கு அமிக்டலாவிலும் ஹைப்போதலாமஸிலும் சிறு புண் ஏற்படுத்துவதே அம்முறை. சிகிச்சை பெற்றோருள் சிறுவர்களும் இருந்தனர். குடும்பங்களின் துயரைத் தணிக்கவே அம்மருத்துவர்கள் முயன்றனர். ஆயினும் புறத்தே தோன்றிய நடத்தைக்கு அகத்தே என்ன பொருள் என்று அக்குழந்தைகளிடம் கேட்டறிய வழியிருந்ததா என்பது இன்றும் நம்முன் நிற்கும் அறவினா.

ஹமர்ட்டோமாவின் வரலாறு வேறு வழியில் சென்றது. வலிப்பு புறணியில் தொடங்குவதாக எண்ணி, நெற்றி மடலையோ பொட்டு மடலையோ அகற்றிப் பார்த்தனர், பயன் கிட்டவில்லை. 1990களில் கட்டியினுள்ளேயே மின்வாய் செலுத்திப் பதிவுசெய்தபோது, வலிப்பின் ஊற்று அக்கட்டியே எனத் தெரிந்தது. இன்று அதைத் துண்டித்தோ கதிரால் அழித்தோ பலருக்கு நலம் தர இயல்கிறது. பாறசாலையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலிப்பு அறுவைத் திட்டம் 1995 முதல் நடைபெற்று வருகிறது.

ஆனால் மருத்துவமனைக்கு முன்பே வீடும் வகுப்பறையும் தீர்ப்பு வழங்கிவிடுகின்றன. காரணமின்றிச் சிரிக்கும் குழந்தையைத் தாய் ‘இளமை’யில் வைக்கிறாள், ஆசிரியர் ‘எள்ளல்’ என்று கொண்டு பிரம்பை எடுக்கிறார், ஊரார் ‘பேதைமை’ என்கின்றனர். மூவரும் தம்மை அறியாமலே மெய்ப்பாட்டியல் வழிநின்று, அச்சிரிப்புக்கு ஒரு நிலைக்களனைத் தேடுகின்றனர். தொல்காப்பியர் மேல் பிழையில்லை. அவர் வகுத்தது செய்யுளுக்கான இலக்கணம். அதை உடலின் இலக்கணமாகக் கொள்வதே நம் பிழை. ஒரே வடிவில், சூழலோடு பொருந்தாமல், திரும்பத் திரும்ப வரும் சிரிப்பைக் கண்டால், அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நோயறிதலுக்கு அச்சிறு பதிவு பெருந்துணை.

மெய்ப்பாட்டியல் உரைகளில் ஆய்வு செய்யும் நண்பர்களிடம் ஒரு வினா: அகம் இன்றித் தோன்றும் புறக்குறியை நம் உரையாசிரியர்கள் எங்கேனும் எண்ணிப் பார்த்திருக்கின்றனரா? அறிந்தோர் பகிர்ந்தால் நன்றியுடையேன்.