பாம்புக்கடியும் முதலுதவியும்: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

1854ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே பிந்தனைப் பகுதியிற் காட்டுவழியாகக் குதிரையேறிச் சென்ற அரசாங்க உத்தியோகத்தர் சிலர் ஒரு நிகழ்ச்சியைக் கண்டனர். எதிரே வந்த தமிழர் இருவருள் ஒருவன் சட்டெனக் காட்டினுட் புகுந்து, நாகபாம்பொன்றைத் தலையிலும் வாலிலும் பற்றிக்கொண்டு மீண்டான். அதனைக் கூடையில் அடைக்குங்கால் அவன் விரலைப் பாம்பு கௌவிற்று. குருதி ஒழுகியது. உடன்வந்தவன் தன் இடுப்புச் சீலையை அவிழ்த்து, வாதுமைக்கொட்டை யளவினவாய்ப் பளபளப்பான கருங்கற்கள் இரண்டை எடுத்துக் கடிவாய்களில் வைத்தான். அவை மூன்று நான்கு நிமிடம் ஒட்டிநின்று தாமே கழன்று வீழ்ந்தன. கடியுண்டவன் விரல்களை நெட்டி முறித்துவிட்டுத் தன் வழியே போயினான்.

இதனைத் தம் நண்பரிடங் கேட்டு எழுதிவைத்தவர், 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமேசன் தெனன்ற். 1859இல் வெளிவந்த அவரது நூலில் இக்கல்லுக்குப் "பாம்புக்கல்" என்ற தமிழ்ப் பெயரே வழங்கப்பட்டுள்ளது. கதையோடு அமையாது, அவர் கல்லொன்றை மைக்கேல் பரடே என்னும் விஞ்ஞானியிடம் ஆராயக் கொடுத்தார். அது கல்லன்று, கரியாகச் சுட்ட எலும்புத் துண்டே எனப் பரடே முடிவு கூறினார்.

அங்ஙனமாயின் அம்மனிதன் பிழைத்தது எவ்வாறு? நச்சுப்பாம்பு கடித்தபோதெல்லாம் நஞ்சைச் செலுத்துவதில்லை. பல் பதிந்தும் நஞ்சு இறங்காத கடிகள் பல உள. நஞ்சில்லாப் பாம்புகளின் கடியோ இன்னும் மிகுதி. ஆகவே எதனை வைத்துக் கட்டினும், எதனை ஓதினும், கடியுண்டோருட் பெரும்பகுதியினர் பிழைத்தே தீருவர். புகழ் கல்லுக்கும் மருந்துக்கும் போய்ச்சேரும். மேலும், அவன் நடந்துபோனதைக் கண்டவர் மறுநாள் அவனைக் கண்டாரென்று எங்குங் கூறப்படவில்லை. பாம்புக்கடி வைத்தியத்தின் நீண்ட வரலாற்றைப் படிப்போர் இவ்விரண்டையும் மறத்தலாகாது.

கட்டுப்போடும் வழக்கம் மிகத் தொன்மையானது. கடிவாய்க்கு நாலங்குலம் மேலே இறுகக் கட்டுக என்றும், கீறி உறிஞ்சுக என்றும், சுடுக என்றும் சுசுருத சங்கிதையின் கற்பத்தானம் விதிக்கின்றது. மேனாட்டாரும் நெடுங்காலம் இவற்றையே செய்தனர். நஞ்சின் இயல்பைச் சோதனையால் அறியப் புகுந்தவருள் முன்னோடி இத்தாலியரான பிரான்செஸ்கோ றெடி. பாம்பின் நஞ்சு பல்வழியே வருவது. விழுங்கினால் அன்று, புண்வழிச் சென்றாலே தீங்கு விளைப்பது என 1664இல் அவர் நிறுவினார். இந்தியாவினின்று போன பாம்புக்கற்களையும் அவர் சோதித்துப் பயனற்றவை எனக் கண்டார். தெனன்ற் காலத்துக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு முன்னரே இக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆயினும் கல் விற்போர்க்குக் குறைவில்லை!

சோழமண்டலக் கரையின் பாம்புகளை ஆராய்ந்து 1796இல் நூல் வெளியிட்ட பற்றிக் றசல், அக்காலத்திற் பெயர்பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையையும் சோதித்தார். அம்மாத்திரையிற் பாடாணஞ் சேர்ந்திருந்தது. கண்ணாடி விரியனுக்கு மேனாட்டார் இட்ட பெயர் இவர் பெயரே. கல்கத்தாவிற் பணியாற்றிய யோசேப்பு பேயரர் 1872இல் இந்திய நச்சுப்பாம்புகளைப்பற்றிப் பெருநூல் எழுதினார். பெயர்போன மருந்துகளை விலங்குகளிற் பரீட்சித்து, நம்பத்தக்கது ஒன்றுமில்லையென ஒப்புக்கொண்டார். அத்தகையவரே, 1904இல், சிறு கத்தியாற் கீறிப் பொற்றாசியம் பரமங்கனேற்றுப் பளிங்குகளைப் புண்ணில் தேய்க்கும் முறையை லோடர் பிரண்டனுடனும் லெனாட் றொஜேசுடனும் சேர்ந்து முன்வைத்தார். அது நஞ்சை முறிக்கவில்லை, தசையைத்தான் அழித்தது. கற்றோரும் ஏமாறுவர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

உண்மையான மருந்து வேறொரு திசையிற் பிறந்தது. 1891இல் இந்தோசீனாவின் பக்லியூப் பகுதியில் வெள்ளம் பெருக, நாகங்கள் ஊருட் புகுந்து பலரைக் கடித்தன. சைகோனிற் பாஸ்ரர் ஆய்வுகூடத்தை நடத்திய அல்பேட் கல்மெற் இதனாலே ஆராய்ச்சியில் இறங்கினார். சிறிது சிறிதாக நஞ்சூட்டிய விலங்கின் குருதிநீர் நஞ்சை முறிக்குமென்பதை 1894இல் அவரும், தனியே பீசாலி, பெத்திராண் என்னும் இருவரும் பாரிசில் வெளியிட்டனர். தமது மருந்து எல்லாப் பாம்புகளுக்கும் ஏற்குமெனக் கல்மெற் கருதியது தவறு. நாகத்துக்கு ஆக்கியது கண்ணாடி விரியன் நஞ்சை முறியாதென இந்தியாவில் யோர்ச் லாம் காட்டினார். பிரேசிலில் வித்தால் பிறசீலும் இவ்வாறே கண்டார். இதனாலேதான் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சையுஞ் சேர்த்து ஆக்கிய மருந்து இந்தியாவில் எழுந்தது. இலங்கை வைத்தியசாலைகளும் அதனையே பயன்படுத்தி வந்துள்ளன.

மருந்து வந்தபின் முதலுதவியின் பொருளே மாறிற்று. நஞ்சை வெளியேற்றுவது முன்னைய நோக்கம். நோயாளியை உயிருடன் வைத்தியசாலை சேர்ப்பது இன்றைய நோக்கம். கடியுண்டவரை ஓடவிடலாகாது, கை காலை மரத்துண்டு வைத்துக் கட்டி அசையாது வைத்து, வீக்கத்துக்குமுன் மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் என்பவற்றைக் கழற்றி, விரைந்து கொண்டுசெல்லல் வேண்டும். மயங்குவோரையும் வாந்தியெடுப்போரையும் ஒருபுறமாகச் சரித்துக் கிடத்தல் நன்று. கீறலும் உறிஞ்சலும் கூடா. குருதியோட்டத்தைத் தடுக்கும் இறுக்கக் கட்டோ அவயவத்தையே இழக்கச் செய்யவல்லது. கடித்த பாம்பைத் தேடிப் பிடிக்கப்போய் இரண்டாமவரும் கடியுண்பது வீண். 1979இல் அவுஸ்திரேலியாவிற் சதலந்து அறிவித்த அகன்ற துணிச்சுற்று முறை அந்நாட்டு நரம்புநஞ்சுப் பாம்புகளுக்கு ஏற்றது. கடிவாயில் தசையை அழுகச்செய்யும் விரியன்கள் மலிந்த இந்நாடுகளில் அதனை எல்லார்க்கும் விதிக்க வைத்தியர் தயங்குவர்.

வருமுன் காப்பதிலே பழைய நூல்களும் உதவுகின்றன. அப்பூதியடிகளின் மைந்தன் வாழையிலை அரியப் போனவிடத்திற் கையிலே தீண்டப்பட்டான் என்று பெரியபுராணங் கூறும். இலைச்செறிவிற் பாராது கைவைத்தலின் ஆபத்தை இன்றும் தோட்டக்காரர் அறிவர். இரவில் வரம்பில் நடப்போர்க்கு விளக்கும் காலணியும் வேண்டும். கட்டுவிரியன் வேறுவகை; நிலத்திற் பாய்விரித்துத் துயில்வோரை நள்ளிரவிற் கடிக்கும்; வலியுமில்லை, வீக்கமுமில்லை. விடியலில் வயிற்றுவலியென்று எழுந்தவர் இமை சோர்ந்து மூச்சடங்குவர். உளுக்கென்றும் அசீரணமென்றும் கைமருந்து செய்து இழந்த மணித்தியாலங்களே பலரைக் கொன்றன. நுளம்புவலையைப் பாயின் கீழே செருகித் துயிலுதல் இதற்குக் காப்பாகும்.

இலங்கை முழுவதிலும் வீடுவீடாக நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் கடியுண்பதாகவும், அவருள் 30,000 பேர்க்கே நஞ்சேறுவதாகவும், 400க்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. நஞ்சேறாத 50,000 பேரையும் குணப்படுத்தியவர் யாரென்று ஊரிற் கேட்டால் விடைகள் பல வரும். இவர்களுள் மூக்குநுனி மேலெழுந்த சிறுவிரியனாற் கடியுண்டோர் மிகப் பலர். அது சிறுநீரகத்தைக் கெடுத்துச் சிலவேளை உயிரையுங் கவரும். இந்திய மருந்திற் சேர்ந்த நான்கனுள் அது இல்லை.