கணினி விளையாட்டுக்கு எந்த இயங்குதளம்?

கணினியில் விளையாட விண்டோஸ் சிறந்ததா, லினக்ஸ் சிறந்ததா என்பது இன்று நம் முன் வைக்கப்பட்ட கேள்வி. இளைஞர்களிடம் கேட்டால் ஓர் எண்ணைச் சொல்வார்கள். விநாடிக்கு எத்தனை படங்கள் திரையில் ஓடுகின்றன என்ற எண் அது. முக்கியமான எண்தான். ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், வெற்றியையும் தோல்வியையும் அந்த எண் முடிவு செய்ததாகத் தெரியவில்லை. விளையாட வருபவரின் தொல்லையை யார் குறைத்தார்களோ, அவர்கள் பக்கமே கூட்டம் சேர்ந்திருக்கிறது.

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ விளையாட்டை வெளியிட்டது. அது ஓடியது டாஸ் இயங்குதளத்தில். டாஸ் விளையாட்டின் குறுக்கே நிற்காது. நிரல் நேராக வன்பொருளோடு பேசிக்கொள்ளலாம். அதனால்தான் வேகம். அந்த வேகத்திற்கு விலை கொடுத்தவர் பயனர். 640 கிலோபைட் நினைவகத்தில் இடம் ஒழித்துத் தர வேண்டும். கான்ஃபிக் கோப்பைத் திருத்த வேண்டும். சவுண்ட் கார்டு 5ஆம் எண்ணில் இருக்கிறதா, 7ஆம் எண்ணில் இருக்கிறதா என்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் சொல்லித்தர வேண்டும். தவறினால் துப்பாக்கி வெடிக்கும், சத்தம் மட்டும் வராது!

இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்த விண்டோஸ் முதலில் சறுக்கியது. 1994 கிறிஸ்துமஸ் காலத்தில் விண்டோசுக்கு வந்த டிஸ்னியின் ‘லயன் கிங்’ விளையாட்டு பல வீட்டுக் கணினிகளில் முடங்கிப்போனது. பெற்றோர் கொதித்தனர். மைக்ரோசாஃப்ட் ஊழியர்களான அலெக்ஸ் செயின்ட் ஜான், கிரெய்க் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ட்ரம் மூவரும் முன்னின்று உருவாக்கிய டைரக்ட்எக்ஸ் 1995 செப்டம்பரில் வெளிவந்தது. இதை ஒரு மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு தனக்கு வேண்டியதை டைரக்ட்எக்சிடம் சொல்லும். அது கார்டுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும். எண்களை மனப்பாடம் செய்யும் வேலை பயனருக்கு இல்லை. அதே ஆண்டில் பில் கேட்ஸ் கையில் துப்பாக்கியோடு ‘டூம்’ காட்சிக்குள் தோன்றி விண்டோசுக்கு விளம்பரம் செய்தார். ‘டூம்’ விளையாட்டை விண்டோசுக்கு மாற்றிய குழுவை வழிநடத்தியவர் கேப் நியூவெல். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

வசதி வந்தது, கூடவே கட்டும் வந்தது. டைரக்ட்எக்சுக்காக எழுதிய விளையாட்டு வேறெங்கும் ஓடாது. 2007இல் டைரக்ட்எக்ஸ் 10 விஸ்டாவுக்கு மட்டும் என்றார்கள். ‘ஹேலோ 2’ விளையாட்டுக்கும் விஸ்டா வேண்டும் என்றார்கள். ஆர்வலர்கள் சிலர் அதையே எக்ஸ்பியில் ஓட்டிக் காட்டினர். அப்படியானால் அந்த நிபந்தனை தொழில்நுட்பத்தின் தேவையா, வியாபாரத்தின் தேவையா? எனக்கு ஐயமில்லை.

நியூவெல் 1996இல் மைக்ரோசாஃப்டை விட்டு விலகி வால்வ் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். விண்டோசுக்கு விளையாட்டைக் கொண்டுபோன அதே மனிதர், 2012இல் விண்டோஸ் 8 ஒரு பேரழிவு என்று வெளிப்படையாகச் சொன்னார். விண்டோசுக்குள்ளேயே மைக்ரோசாஃப்டின் கடை திறக்கப்பட்டால், ஸ்டீம் என்ற தம் கடை என்னாவது என்ற கவலை அவருக்கு. அந்த ஆகஸ்ட்டில் வால்வ் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. ‘லெஃப்ட் 4 டெட் 2’ லினக்சில் தொடக்கத்தில் விநாடிக்கு 6 படங்களோடு தள்ளாடியது. சீர்செய்த பின் 315. விண்டோஸ் 7இல் அதே கணினியில் 270.6.

எண் வென்றது. சந்தை அசைந்ததா? இல்லை. 2015இல் லினக்சோடு வந்த ஸ்டீம் மெஷின் கணினிகள் விலைபோகவில்லை. மக்கள் விளையாட விரும்பிய பல விளையாட்டுகள் அதில் இல்லையே! ஒவ்வொரு நிறுவனத்திடமும் போய், லினக்சுக்கும் எழுதித் தாருங்கள் என்று கேட்டு நடக்கிற காரியமா அது?

2018 ஆகஸ்ட்டில் வால்வ் அந்தக் கெஞ்சலை விட்டது. 1993 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவந்த ‘வைன்’ மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு ‘புரோட்டான்’ வந்தது. விண்டோசுக்கு எழுதிய விளையாட்டின் கட்டளைகளை ஓடும்போதே லினக்சுக்கு மாற்றித் தரும் கருவி அது. டைரக்ட்எக்சைப் போல் இதுவும் ஒரு மொழிபெயர்ப்பாளர்தான். 2022 பிப்ரவரியில் வந்த ‘ஸ்டீம் டெக்’ கையடக்கக் கணினி இதை நம்பியே இயங்குகிறது. அதை வாங்கியவர்களில் பலருக்கு உள்ளே இருப்பது லினக்ஸ் என்பதே தெரியாது. அதுவல்லவா வெற்றி!

ஒரு கதவு மட்டும் இன்னும் மூடியே இருக்கிறது. இணையப் போட்டி விளையாட்டுகளில் ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவல் நிரல்கள் சில, இயங்குதளத்தின் அடிமட்டம் வரை இறங்கி வேலை செய்பவை. ‘வேலரண்ட்’ லினக்சில் ஓடாது. ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ 2024 அக்டோபர் இறுதியில் லினக்சுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது.

2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத பழைய கணினி வீட்டில் இருந்தால், அதைத் தூக்கிப் போடுமுன் பிள்ளைகளை அழைத்து, அவர்கள் விளையாடும் விளையாட்டுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தனியாக விளையாடுபவையே அதிகம் என்றால் லினக்சை நிறுவிப் பார்க்கலாம். ‘வேலரண்ட்’ போன்ற பெயர்கள் முதல் வரியிலேயே வந்தால், புதுக் கணினிக்குப் பணம் எடுத்து வையுங்கள்.