உதட்டில் சில சிவப்புப் புள்ளிகள்

சில குடும்பங்களில் தாத்தா, மகள், பேரன் என்று எல்லோருக்கும் அடிக்கடி மூக்கில் ரத்தம் கொட்டும். 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இதை ஹீமோஃபீலியாவோடு போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். 1896இல் பிரான்சில் ஆன்ரி ராந்து, இது ரத்தம் உறையாத நோயல்ல, வேறு என்று பிரித்துக் காட்டினார். உதட்டிலும் நாக்கிலும் இருந்த சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்தான் துப்பு. 1901இல் அமெரிக்காவில் வில்லியம் ஆஸ்லரும், 1907இல் லண்டனில் பார்க்ஸ் வெபரும் எழுத, மூவர் பெயரும் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. 1865இலேயே பரம்பரை மூக்கு ரத்தம் பற்றி எழுதிய பாபிங்டனைத்தான் விட்டுவிட்டார்கள், பாவம்!

நமக்கெல்லாம் தமனிக்கும் சிரைக்கும் நடுவே முடியைவிட மெல்லிய தந்துகிகள் இருக்கும். இவர்களுக்குச் சில இடங்களில் அவை கிடையாது. தமனி ரத்தம் அதே வேகத்தில் சிரைக்குள் பாயும், மெல்லிய சுவர் உப்பும், லேசாகப் பட்டாலே கசியும்.

நுரையீரலிலும் இப்படி இருந்தால்தான் ஆபத்து. அங்கே தந்துகிகள் வடிகட்டி மாதிரி. அவை இல்லாவிட்டால், பல் பிடுங்கும்போது ரத்தத்தில் கலக்கும் கிருமி நேரே மூளைக்குப் போய்ச் சீழ் கட்டலாம். அதனால்தான் இவர்களுக்குப் பல் சிகிச்சைக்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள்.

காரணமான மரபணுக்களில் முதலாவது 1994இல் பிடிபட்டது. சுமார் 5000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. ஒரே வீட்டில்கூட ஒருவருக்கு நாக்கு நிறையப் புள்ளி, இன்னொருவருக்கு இரண்டே இரண்டு. மூக்கு ரத்தம் பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கிவிடும், புள்ளிகளோ பல வருடம் கழித்துத்தான் பளிச்சென்று தெரியும். ஆகவே பேரனுக்கு ரத்தம் வந்தால் தாத்தாவின் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.