விருஷபாசலத்தில் எழுதிய பெயர்

இராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் குருவாக விளங்கியவர் ஆசாரியர் ஜினசேனர். 9ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய ஆதிபுராணம், வருணப் பிரிவுக்குத் தனி வரலாறு ஒன்றைக் கூறுகிறது.

பகவான் விருஷபதேவர் தொழில் பற்றி க்ஷத்திரியர், வைசியர், சூத்திரர் என மூவரை வகுத்தார். முற்றத்தில் பரப்பிய பசுமுளைகளை மிதிக்க அஞ்சி நின்ற விரதியரைப் பரதச் சக்கரவர்த்தி அந்தணராகச் சிறப்பித்தார். மனித சாதி ஒன்றே, பிழைப்பினால் வேறுபட்டது என்பதும் அந்நூலின் கூற்றே. பிறப்பை விட்டு அகிம்சையை உயர்வின் அளவாக்கிய பெருமை அதற்குண்டு.

ஆயினும் அடுக்கு அகலவில்லை. சூத்திரருள் தீண்டத்தக்கார், தகாதார் என்னும் பிரிவும் அங்கேயே இடம்பெற்றது. உலகில் நிலவிய ஏற்றத்தாழ்வு, ஆதிபகவானின் ஏற்பாடு என்னும் மதிப்பைப் பெற்றது. புராணம் அரசுக்கும் சாதிக்கும் அரணாவது இவ்வாறே.

அதே நூலில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. திக்குவிஜயம் செய்த பரதர் விருஷபாசலத்தில் தம் பெயரைப் பொறிக்கச் சென்றார். முன்னைச் சக்கரவர்த்திகளின் பெயர்களால் பாறை நிறைந்திருந்தது. ஒரு பெயரை அழித்தே தம் பெயரை எழுத நேர்ந்தது. அவர் செருக்கும் அடங்கிற்று.

பண்டிகை நாள்களில் புராணம் படிக்கும் நாம், பிள்ளைகளுக்கு இவ்விரு பகுதிகளையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.